திரையில் ஓடும் சிட்ரோயன்

மழையில் நனைந்த பாரிஸ் தெரு. ஓரமாக நிறுத்தியிருக்கும் ஒரு காரின் கதவைத் திறந்து உள்ளே உட்காருகிறான் ஜெஃப் கொஸ்தெல்லோ. கோட்டுப் பையிலிருந்து பெரிய சாவிக்கொத்து ஒன்றை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கிறான். பார்வையை முன்கண்ணாடியிலிருந்து எடுக்காமலே ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. ஒரு சாவி பொருந்துகிறது, வண்டி கிளம்புகிறது. புறநகரில் ஒரு கொட்டகைக்குள் கார் நுழைகிறது. அங்கிருப்பவன் நம்பர் பிளேட்டை மாற்றுகிறான், காகிதங்களையும் துப்பாக்கியையும் கொடுக்கிறான். படம் தொடங்கிக் கிட்டத்தட்ட பத்து நிமிடம்வரை யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ழான்-பியேர் மெல்வில் இயக்கி 1967இல் வெளிவந்த 'லெ சமுராய்' படத்தின் தொடக்கம் இது. சாதாரணப் பார்வையாளர் இதில் ஜெஃபாக நடிக்கும் அலைன் டெலோனின் முகத்தைப் பார்ப்பார். சினிமா மாணவர் மௌனத்தையும் சாம்பல் நிறத்தையும் கவனிப்பார். சிட்ரோயன் கார்மீது பித்துக்கொண்டவர் முதலில் பார்ப்பது வண்டியை: இது டிஎஸ். அடுத்த நொடியில் அவருக்கு ஒரு கேள்வி எழும்: ஏன் டிஎஸ்?

நியாயமான கேள்வி அது. மெல்விலுக்கு அமெரிக்கா என்றால் உயிர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளம், அமெரிக்கக் கார்கள் அவருடைய மோகம். 1956இல் எடுத்த 'பாப் லெ ஃபிளாம்பர்' படத்தில் சூதாடி நாயகனுக்கு அமெரிக்கக் கன்வெர்டிபிளைத்தான் கொடுத்தார். 1970இல் வந்த 'லெ செர்க்ள் ரூஜ்' படத்தில் சிறையிலிருந்து வெளியே வரும் டெலோன் வாங்குவதும் அமெரிக்கக் கார்தான். நடுவில் இந்தக் கொலைகாரனுக்குப் பிரெஞ்சுக் கார், அதுவும் திருட்டுக் கார். பாப் ஊர் அறிய வாழ்கிறவன். ஜெஃப் யார் கண்ணிலும் படக்கூடாதவன். 1967இன் பாரிஸில் அமைச்சர், மருத்துவர், டாக்ஸி ஓட்டுநர் என்று எல்லாருக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது டிஎஸ். அதற்குள் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் காரணமில்லை. வண்டியின் பெயர் தெரிந்த பார்வையாளருக்கு மட்டுமே அந்தக் காட்சி இந்த அளவுக்குத் திறந்துகொடுக்கிறது.

பிடித்த காரைப் படங்களில் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைப் பலர் வெறும் பொழுதுபோக்காக நினைக்கிறார்கள். எந்தப் படத்தில், எந்தத் தெருவில், எந்த ஆண்டு மாடல் நிற்கிறது என்று பட்டியல் போட்டு வைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நாயகன் ஓட்டும் வண்டி முதல் பின்னணியில் மங்கலாகத் தெரியும் வண்டிவரை அவர்கள் வகை பிரிக்கிறார்கள். இந்த உழைப்பைச் சினிமா வரலாற்றுக்கான ஒரு வாசிப்பு முறையாகவே நான் மதிக்கிறேன். அதற்குச் சிட்ரோயனைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், கண் எப்படிப் பழகுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். டிஎஸ் 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் பதிவு செய்தார்கள். 1975வரை கிட்டத்தட்ட 14.5 லட்சம் வண்டிகள் தயாராயின. இருபது ஆண்டுகளில் உருவம் பெரிதாக மாறாததால் எல்லா டிஎஸ்ஸும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் 1967 செப்டம்பருக்குப் பிறகு வந்தவற்றின் முகம் வேறு. பக்கத்துக்கு இரண்டு ஹெட்லைட்கள் ஒரே கண்ணாடி மூடிக்குள் அமைந்திருக்கும். உயர்ந்த மாடல்களில் உள்விளக்குகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பி வளைவைக் காட்டும். அமெரிக்கச் சட்டம் இந்தக் கண்ணாடி மூடியை அனுமதிக்கவில்லை. ஆகவே மூடியில்லாத இரட்டை விளக்குகளோடு ஒரு டிஎஸ் திரையில் வந்தால், அது அமெரிக்காவில் விற்ற வண்டி என்று கணிக்கலாம். 1962இல் நடப்பதாகச் சொல்லும் படத்தில் கண்ணாடி மூடிய முகம் வந்தால், கலை இயக்குநர் தனக்குக் கிடைத்த வண்டியைத்தான் நிறுத்தினார் என்று புரிந்துகொள்ளலாம்.

சிட்ரோயனின் சிறிய காரான 2சிவி இன்னும் தாராளமாகச் சாட்சி சொல்லும். பானெட் தகரக் கூரைபோல நெளிநெளியாக இருந்தால் அது 1960க்குள் செய்த வண்டி. முன்கதவு பின்பக்கக் கீலில் தொங்கி, முன்னோக்கித் திறந்தால் 1964க்குள். பின்கதவுக்கு அப்பால் மூன்றாவது சன்னல் இருந்தால் அறுபதுகளின் நடுவுக்குப் பிறகு. இவற்றோடு பிரெஞ்சுச் சாலைக்கே உரிய இரண்டு தடயங்கள் உண்டு. பழைய நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்கள் மாவட்டத்தைச் சொல்லும், 75 என்றால் பாரிஸ். ஹெட்லைட் மஞ்சளாக எரிந்தால் அது பெரும்பாலும் பிரான்ஸில் பதிவான வண்டி. முப்பதுகளில் வந்த விதி 1993வரை அங்கே மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியிருந்தது. இரவுக் காட்சியில் மஞ்சள் விளக்கு ஒன்று தெருவில் திரும்பினால் போதும், நாடும் காலமும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

இந்த நுணுக்கங்கள் குற்றம் கண்டுபிடிக்க மட்டும் என்றால் இவற்றுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. திரையில் தோன்றும் ஒரு வண்டிக்குப் பின்னால் இரண்டு வகைக் காரணங்களில் ஒன்று இருக்கிறது. யாரோ காசு கொடுத்தோ செல்வாக்கைப் பயன்படுத்தியோ அதை உள்ளே கொண்டுவந்திருப்பார்கள், இல்லையென்றால் அந்தத் தெருவில் அது இருந்ததால் உள்ளே வந்திருக்கும். முதல் வகை நிறுவனம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாம் வகை சமூகம் அந்த வண்டியைப் பற்றி என்ன நினைத்தது என்பதைச் சொல்கிறது. சிட்ரோயனின் வரலாற்றில் இரண்டும் தாராளமாக உண்டு.

ஆந்த்ரே சிட்ரோயன் விளம்பரத்தில் மேதை. 1925 முதல் 1934வரை ஈஃபெல் கோபுரத்தின்மேல் தன் பெயரை மின்விளக்குகளால் எழுதி வைத்தவர். சினிமாவின் சக்தியையும் அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். 1924 அக்டோபரில், பின்பக்கம் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டை பூட்டிய சிட்ரோயன் வண்டிகள் அல்ஜீரியாவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவைக் கடந்து மடகாஸ்கர்வரை போயின. தலைமை தாங்கியவர்கள் ஜார்ஜ்-மரி ஆர்த்தும் லூயி ஒதுவான்-துப்ரேயும். பயணத்தோடு ஒரு படப்பிடிப்புக் குழுவும் போனது. லெயோன் புவாரியே எடுத்த 'லா க்ருவாசியேர் நுவார்' 1926இல் திரைக்கு வந்தது. அந்தப் படத்தில் வண்டிகள் நாயகர்கள், ஆப்பிரிக்க மக்கள் பின்னணி. குடியேற்ற ஆட்சியின் கண் வழியாகத்தான் கேமரா கண்டத்தைப் பார்த்தது. அந்த வண்டிகளின் துணிச்சலை ரசிக்கிற சிட்ரோயன் அபிமானி இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த பயணம் இன்னும் துணிச்சலானது. 1931-32இல் பெய்ரூட்டிலிருந்து ஒரு குழு காஷ்மீர், கில்கித் வழியாக இமயமலைப் பகுதியைக் கடந்து பீக்கிங் நோக்கிப் போனது. சீனப் பக்கமிருந்து கிளம்பிய மற்றொரு குழுவோடு சேர்ந்துகொண்டது. புதைபடிவ ஆய்வாளரும் ஏசுசபைத் துறவியுமான தெயார் த ஷார்தேன் அந்தச் சீனக் குழுவில் இருந்தார். தலைவர் ஆர்த் திரும்பும் வழியில் 1932 மார்ச்சில் ஹாங்காங்கில் இறந்துபோனார். பயணத்தைப் படம் பிடித்தவர் ஆந்த்ரே சொவாழ். அவர் தொகுத்த படம் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. சிட்ரோயன் அதை அவரிடமிருந்து எடுத்துப் பழைய புவாரியேயிடம் கொடுத்து மாற்றித் தொகுக்கச் செய்தார். 1934இல் அப்படித்தான் 'லா க்ருவாசியேர் ஜோன்' வெளிவந்தது. சொவாழ் அதன்பின் சினிமாவை விட்டே விலகினார். திரையில் பொருளை நுழைப்பதற்கு இன்று ஒப்பந்தங்களும் தனி நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு கலைஞனின் கையிலிருந்தே படத்தைப் பிடுங்கும் அதிகாரம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதே 1934இல் சிட்ரோயனின் முன்சக்கர இயக்கக் கார் வந்தது: த்ராக்ஸியோன் அவான். தனிச் சட்டகம் இல்லாத, தாழ்ந்த உடல். சாலையை ஒட்டிப் பிடித்து ஓடும். அதை உருவாக்கிய செலவு நிறுவனத்தைக் கவிழ்த்தது. அந்த ஆண்டு இறுதியில் கம்பெனி திவாலாகி மிஷலன் கைக்குப் போனது. ஆந்த்ரே சிட்ரோயன் 1935 ஜூலையில் இறந்தார். அவர் இல்லாத காலத்தில்தான் அவருடைய கார் உண்மையான திரை வாழ்க்கையைத் தொடங்கியது. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

வேகமும் பிடிப்பும் யாருக்குத் தேவையோ அவர்கள் எல்லாரும் த்ராக்ஸியோனை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது கெஸ்டாபோ அதில் வந்தது. விடுதலையின்போது எதிர்ப்பியக்கத்தினர் அதே வண்டியின் கதவில் வெள்ளைச் சாயத்தால் தங்கள் படையின் எழுத்துகளை எழுதிக்கொண்டு ஓட்டினார்கள். போர் முடிந்ததும் பியேர் லூத்ரெல் என்ற கொள்ளைக்காரனின் கூட்டம் அதில் தப்பித்தது. அந்தக் கூட்டத்துக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரே 'த்ராக்ஸியோன் கும்பல்'. துரத்திய போலீசிடம் இருந்ததும் அதே கார். ஆகவே ஒரு பிரெஞ்சுப் படத்தில் கறுப்பு த்ராக்ஸியோன் தெருமுனையில் வந்து நின்றால், அதிலிருந்து இறங்கப் போவது யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இயக்குநர்கள் இந்த நிச்சயமின்மையை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். கதவு திறக்கும்வரை பார்வையாளருக்கு மூச்சு விட முடியாது. கார்களின் திரை வரலாற்றில் இவ்வளவு அச்சத்தைச் சுமந்த வேறொரு வண்டியை நான் அறியேன்.

பிறகு அது பாரிஸின் அடையாள அட்டையாகவே ஆகிவிட்டது. எழுத்தாளர் சீமெனோனின் துப்பறியும் அதிகாரி மெக்ரேயைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி பலமுறை எடுத்தது. தொண்ணூறுகளில் மைக்கேல் கேம்பன் நடித்த தொடரும், 2016இல் தொடங்கி ரோவன் அட்கின்சன் நடித்த படங்களும் ஹங்கேரியில்தான் படமாயின. அங்கே பாரிஸாக நடித்தது பெரும்பாலும் புடாபெஸ்ட். கட்டடம் ஏமாற்றும், கல்பாவிய தெருவும் ஏமாற்றும். ஆனால் மூலையில் கறுப்பு த்ராக்ஸியோன் ஒன்றை நிறுத்தினால் ஏமாற்றப்படுகிறோம் என்ற எண்ணமே வராது. 1981இல் ழான்-ழாக் பெனெக்ஸ் 'தீவா' படத்தில் இந்த மரபைத் தலைகீழாக்கினார். அவருடைய விசித்திரமான நாயகர்களில் ஒருவரான கொரோதிஷ் ஓட்டுவது வெள்ளை த்ராக்ஸியோன். அது வெடித்துச் சிதறுகிறது. அவர் சலனமில்லாமல் அச்சு அசலாக அதேபோன்ற இன்னொரு வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். பழைய கறுப்பு வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெள்ளையே ஒரு கலகம்.

டிஎஸ்ஸின் கதையில் ஒரு உண்மைச் சம்பவம் குறுக்கிடுகிறது. 1962 ஆகஸ்ட் 22 மாலை, பாரிஸ் புறநகரான பெத்தி-கிளமாரில் அதிபர் சார்ல் தெ கோலின் டிஎஸ்மீது இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. உள்ளே அவர் மனைவியும் மருமகனும் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன, டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் ஃபிரான்சிஸ் மாரூ வண்டியை நிறுத்தாமல் ஓட்டித் தப்பினார். காருக்குள் யாருக்கும் காயமில்லை. சதிக்குத் தலைமை தாங்கிய ழான் பாஸ்தியன்-திரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன் வண்டியைக் கவிழாமல் காத்தது என்று சிட்ரோயன் அன்பர்கள் பெருமைப்படுவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் மாரூவின் கைக்குரிய பங்கை யாரும் குறைக்கக் கூடாது. ஃப்ரெட் ஜின்னமன் 1973இல் எடுத்த 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' இந்தத் தாக்குதலோடுதான் தொடங்குகிறது. அந்தப் படத்தில் வேறு எந்தக் காரையும் அந்த இடத்தில் வைக்க முடியாது. வரலாறே பாத்திரத் தேர்வைச் செய்துவிட்டது.

ஒரு நாட்டின் அதிகாரத்தைச் சுமந்த வண்டி, மற்றொரு பக்கம் எதிர்காலத்தின் உருவமாகவும் இருந்தது. இத்தாலியச் சிற்பியான ஃப்ளாமினியோ பெர்த்தோனி உடலை வடித்தார், பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர் எலும்பைக் கட்டினார், போல் மாஜெஸ் சஸ்பென்ஷனைக் கண்டுபிடித்தார். எஞ்சினை முடுக்கினால் படுத்திருந்த வண்டி மெல்ல எழுந்து நிற்கும். 1957இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் தன் 'மித்தலஜிஸ்' நூலில் இந்தக் காரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, அதை இடைக்காலப் பேராலயங்களோடு ஒப்பிட்டார். சினிமா இன்னும் ஒரு படி மேலே போனது. 1965இல் வந்த இரண்டாம் ஃபாந்தோமாஸ் படத்தில், தலைமறைவுக் குற்றவாளியின் டிஎஸ்ஸுக்கு இறக்கை முளைத்து அது வானில் பறந்துபோகிறது. 1989இல் 'பேக் டு தி ஃபியூச்சர்' இரண்டாம் பாகம் கற்பனை செய்த 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஊரில் பறக்கும் டாக்ஸியாக வருவதும் டிஎஸ்தான். பழைய மாதிரி ஏதும் வேண்டாம், புது வடிவம் ஒன்று வரைந்தால் போதும் என்றிருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு வயதான ஒரு பிரெஞ்சுக் கார்தான் இன்னும் நாளைய உலகம்போல் தெரிந்தது. ஆண்ட்ரூ நிக்கோல் 1997இல் 'கட்டாக்கா' படத்துக்கு அறுபதுகளின் கார்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு மின்மோட்டார் ஒலியைக் கொடுத்தபோது, கூரை திறக்கும் டிஎஸ்ஸும் அவற்றில் ஒன்றாக இருந்தது. பிறப்பிலேயே மனிதர்களைத் தரம் பிரிக்கும் அந்தச் சமுதாயத்தின் குளிர்ச்சியான அழகுக்கு அது சரியாகப் பொருந்தியது.

பிரான்ஸில் அதிகாரி, அமெரிக்காவில் அந்நியன். 2008 முதல் 2015வரை ஓடிய 'தி மென்டலிஸ்ட்' தொடரில் சைமன் பேக்கர் நடித்த பேட்ரிக் ஜேன் பழைய டிஎஸ் ஒன்றை ஓட்டுகிறார். உடன் வேலை செய்யும் போலீஸ்காரர்கள் பெரிய அமெரிக்க வண்டிகளில் வருகிறார்கள். சிட்ரோயன் எழுபதுகளின் தொடக்கத்திலேயே அமெரிக்கச் சந்தையை விட்டுப் போய்விட்டது. ஆகவே கலிபோர்னியாவில் டிஎஸ் ஓட்டுகிறவன் உதிரிபாகத்துக்கே மெனக்கெடுகிறவன், எல்லாரும் போகும் வழியில் போகாதவன் என்று வசனம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. அதே வண்டி பாரிஸில் ஜெஃப் கொஸ்தெல்லோவை மறைத்தது, சாக்ரமென்டோவில் ஜேனைக் காட்டிக்கொடுக்கிறது. இரும்பும் கண்ணாடியும் மாறவில்லை, தெருதான் மாறியது.

2சிவியின் திரை வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் லூயி மால் 1958இல் எடுத்த 'லெ ஸமான்'. திஜோன் நகரத்துப் பத்திரிகை முதலாளியின் மனைவியாக நடிப்பவர் ழான் மொரோ. பணக்கார வீடு, பாரிஸில் போலோ விளையாடும் காதலன். நாட்டுப்புறச் சாலையில் அவளுடைய பெழோ 203 பழுதாகி நிற்கிறது. அவளை ஏற்றிக்கொள்பவன் ஒரு இளம் தொல்லியலாளன், அவனுடைய வண்டி 2சிவி. அவன் அவசரப்படுவதில்லை, வழியில் நின்று நின்று போகிறான். அவள் எரிச்சலடைகிறாள். அந்த இரவு எல்லாம் மாறிவிடுகிறது. விடியற்காலையில் கணவனையும் காதலனையும் மகளையும் விட்டுவிட்டு அதே 2சிவியில் ஏறிப் போகிறாள். அவள் எவ்வளவு உதறினாள் என்பதைச் சொல்ல மாலுக்கு வசனம் தேவைப்படவில்லை. அந்தத் தகர வண்டியின் மெல்லிய கதவு மூடும்போதே தெரிகிறது.

அந்த வண்டி யாருக்காகப் பிறந்தது என்பது தெரிந்தால் காட்சி இன்னும் ஆழமாகும். சிட்ரோயன் தலைவர் பியேர்-ழூல் பூலான்ஜே முப்பதுகளில் கேட்டது, விவசாயிகள் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கோடு சந்தைக்குப் போகும் வண்டி. உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. போரின்போது மாதிரி வண்டிகளை ஜெர்மானியர்களிடமிருந்து மறைத்தார்கள். 1948 அக்டோபரில் மக்கள் முன் வந்தபோது அதன் எஞ்சின் 375 சிசி, 9 குதிரைத்திறன். 1990 ஜூலையில் போர்ச்சுகலில் கடைசி வண்டி வெளியேறும்வரை 38 லட்சத்துக்கும் மேல் தயாராயின. ஏழை உழவனுக்காகச் செய்ததை மாணவர்களும் ஆசிரியர்களும் பாதிரியார்களும் சுவீகரித்துக்கொண்டார்கள். 1964இல் வந்த 'சான் த்ரோபே போலீஸ்காரர்' படத்தில் கன்னியாஸ்திரீ ஒருவர் மலைப்பாதையில் 2சிவியைத் தலைதெறிக்க ஓட்ட, பக்கத்தில் லூயி தெ ஃபுனெஸ் நடுங்குவதைப் பார்த்துப் பிரான்ஸ் முழுதும் சிரித்தது. கன்னிமாடத்தில் இருக்கக்கூடிய வண்டி அதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்ததால்தான் அந்தச் சிரிப்பு.

அடுத்த ஆண்டு ஜெரார் ஊரியின் 'லெ கோர்னியோ'. விடுமுறைக்கு இத்தாலி கிளம்பும் பூர்வில், பாரிஸில் பாந்தியோன் அருகே தெ ஃபுனெஸின் பெரிய ஆங்கிலேய ஆடம்பரக் காரோடு மோதுகிறார். அவருடைய 2சிவி ஒரு கணத்தில் பாகம் பாகமாகக் கழன்று தரையில் விழுகிறது. ஸ்டீயரிங் மட்டும் கையில். இதற்காகச் சிறு வெடிமருந்து வைத்த போல்ட்டுகளால் வண்டியைக் கட்டி, ஒரே சமயத்தில் வெடிக்க வைத்தார்கள். ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரெஞ்சுத் திரையரங்குகளில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பில் பரிவும் கலந்திருந்தது. பெரிய கார்க்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிறிய கார்க்காரனின் விடுமுறை போய்விட்டது. அந்த நாட்டில் பலர் தங்களைப் பூர்வில் இடத்தில்தான் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

ஜார்ஜ் லூகாஸ் 2சிவியைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். 1973இல் அவர் எடுத்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' 1962ஆம் ஆண்டின் கலிபோர்னியாவில் ஒரே இரவில் நடக்கிறது. மஞ்சள் ஃபோர்டு, கறுப்பு ஷெவி, வெள்ளை தண்டர்பேர்டு என்று ஊரே எஞ்சின் உறுமலில் மிதக்கிறது. அதற்கு நடுவே ரிச்சர்ட் டிரைஃபஸ் நடித்த கர்ட் மட்டும் ஒரு சின்ன 2சிவியில் வருகிறான். வெளியூர்க் கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று தவிப்பவன் அவன். கடைசியில் கிளம்பிப் போகிறான். பின்னாளில் அவன் கனடாவில் வாழும் எழுத்தாளன் என்று படத்தின் இறுதி எழுத்து சொல்கிறது. அவனுடைய வண்டியைக் கவனித்தவர்களுக்கு அது முதலிலேயே தெரியும்.

1981இல் வந்த பாண்ட் படமான 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி', முன்பு சொன்ன இரண்டு வகைக் காரணங்களும் சேரும் இடம். பாண்டின் லோட்டஸ் வெடித்துவிட, கரோல் பூகேயின் மஞ்சள் 2சிவியில் தப்பிக்கிறார்கள். துரத்துபவை பெழோ 504கள். வண்டி கவிழ்கிறது, ஊர்க்காரர்கள் நிமிர்த்தித் தள்ளிவிடுகிறார்கள், மறுபடி ஆலிவ் தோப்புக்குள் பாய்கிறது. கதைப்படி இடம் ஸ்பெயின், படப்பிடிப்பு நடந்தது கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில். சாகசக் காட்சிகளை அமைத்தவர் ரெமி ஜூலியன். சாதாரண 2சிவிக்கு அந்த வேகம் கிடையாது என்பதால் சிட்ரோயன் ஜிஎஸ் காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினை உள்ளே வைத்தார்கள். எஞ்சின் சத்தத்துக்குப் பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடும். படம் வந்ததும் நிறுவனம் குண்டுத் துளை ஸ்டிக்கர்கள் ஒட்டிய மஞ்சள் 2சிவிகளைக் குறைந்த எண்ணிக்கையில் விற்றது. சமூகம் கொடுத்த எளிமை என்ற பொருளை எடுத்து நிறுவனம் பணமாக்கிய தருணம் அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாலின் 2சிவியும் இதுவும் ஒரே தராசில் நிற்காது.

மாசெராட்டி எஞ்சின் பூட்டிய சிட்ரோயன் எஸ்எம் காருக்குத் திரையில் இந்த அளவு வாழ்வு கிடைக்கவில்லை. 1974இல் 'தி லாங்கஸ்ட் யார்ட்' படத்தில் பர்ட் ரெனால்ட்ஸ் போலீசிடமிருந்து தப்பிக்க அதை விரட்டி ஓட்டித் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறார். அந்த ஆண்டில்தான் நிறுவனமும் மூழ்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் நடுவில் பெழோ அதை எடுத்துக்கொண்டது. எஸ்எம் 1975இல் நின்றது.

கார் தேடும் கண்ணுக்கு ஒரு எல்லையும் உண்டு. வண்டி சரியாக இருந்தால் படம் நல்ல படம் ஆகிவிடாது, தவறான ஆண்டு மாடல் வந்ததால் படம் கெட்டும் போகாது. பெயரைக் கண்டுபிடித்ததோடு நிற்பவர் பாதி வழியில் நிற்கிறார். அந்த வண்டியை அந்த ஊரில் யார் வைத்திருந்தார்கள், யாரால் வாங்க முடியவில்லை, திரையில் அதை யார் ஓட்டுகிறார், யார் பின்னிருக்கையில் உட்காருகிறார் என்று கேட்கும்போதுதான் பட்டியல் வரலாறாகிறது.

இந்தக் கேள்விகளை நம் படங்களிடமும் கேட்கலாம். வெள்ளை அம்பாசடரிலிருந்து இறங்குபவர் யார் என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அந்த வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றது. 2017இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பெழோ குழுமத்திடம் விற்றது. அப்போது அதே குழுமத்தில் இருந்த சிட்ரோயனின் கார்கள் இன்று திருவள்ளூரில் தயாராகின்றன. டிஎஸ்ஸின் வாரிசும் அம்பாசடரின் பெயரும் இப்போது ஒரே வீட்டில் இருக்கின்றன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பார்க்கும்போது, தெருவில் நிற்கும் வண்டிகளையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். படத்தின் பெயர், எத்தனையாவது நிமிடம், என்ன வண்டி, எந்த மாடல், யார் ஓட்டுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த வண்டிகளை ஓட்டியவர்களும் பழுது பார்த்த மெக்கானிக்குகளும் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம், சந்தேகம் வந்தால் அவர்களிடம் கேளுங்கள்.